எந்தக் கோப்பு எப்போது எடுபட்டது? கணித மென்பொருள் நிறுவல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வந்த புகார்கள் மூன்று. ஜிஎம்பி நூலகம் நிறுவவே மறுக்கிறது. எப்படியோ நிறுவிய பிறகு, பழைய கணினிகளில் மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரே செத்துப்போகிறது. அணிகளின் (மேட்ரிக்ஸ்) ஐகன் மதிப்பு கணிக்கும் நிரல் சில அணிகளுக்கு ஒழுங்காக ஓடுகிறது, சிலவற்றுக்குப் பாதியில் விழுகிறது. புகார் கொடுத்தவர்கள் தீர்ப்பையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள்: கம்பைலர் பழுது, வேறு கம்பைலர் வேண்டும்.

கம்பைலரில் பழுது எதுவும் இல்லை. மூன்று புகார்களுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் மூன்றையும் அவிழ்த்தது ஒரே கேள்விதான், அதனால்தான் இதை ஒரே நிகழ்வாக எழுதுகிறேன்.

சூழல் இது. பல கணினிகள் ஒரே கோப்பு மரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பயனர்கள் உள்நுழையும் கணினி புதியது, அதில் ஜிசிசி கம்பைலரின் 15ஆம் பதிப்பு இருக்கிறது. கணக்குகள் ஓடும் கணினிகளில் சில பழையவை. கணித மென்பொருளை நிறுவுபவர்களுக்கு நிர்வாகி உரிமை கிடையாது. எனவே எல்லாமே பயனரின் சொந்தக் கோப்புறைக்குள், மூலநிரலிலிருந்து கட்டப்பட்டவை. இயங்குதளம் லினக்ஸ். மற்ற யூனிக்ஸ்களில் கோப்பு நீட்சிகளும் சூழல் மாறிகளின் பெயர்களும் மாறும், சங்கதி மாறாது.

அந்தக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன்: எந்தக் கோப்பு எப்போது எடுபட்டது? ஒரு நூலகத்தை உங்கள் நிரல் பயன்படுத்துகிறது என்றால், அந்த நூலகம் மூன்று முறை தேடப்படுகிறது. கம்பைலர் அதன் செயற்கூறுகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்பைத் தேடுகிறது. மொழிபெயர்த்த துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் நூலகக் கோப்பைத் தேடுகிறது. பிறகு ஒவ்வொரு முறை நிரலை ஓட்டும்போதும், அதை நினைவகத்தில் ஏற்றும் லோடர் அதே பெயருள்ள கோப்பைப் புதிதாகத் தேடுகிறது. மூவரும் தேடும் இடங்கள் வேறு, வரிசை வேறு. மூவரும் எடுத்தது ஒரே பதிப்புதானா என்று யாரும் ஒப்பிடுவதில்லை. சாதாரண மென்பொருளில் இது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. கணித மென்பொருளில் தருகிறது, ஏனென்றால் இங்கே பிராசசருக்கு ஏற்ப எழுதப்பட்ட அசெம்பிளி உண்டு, சி மொழியும் ஃபோர்ட்ரானும் கலக்கும் இடங்கள் உண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் நூலகச் சங்கிலியும் உண்டு.

கம்பைலர் இருக்கிறது, ஆனால் காணோம்

ஜிஎம்பி பெரிய எண்களுக்கான நூலகம். மிதப்புப் புள்ளிக்கான எம்பிஎஃப்ஆர், எண் கோட்பாட்டுக்கான பாரி எனப் பலவும் அதன் தோளில்தான் நிற்கின்றன. இங்கே நிறுவ முயன்றது 6.3.0 பதிப்பு. அது வெளிவந்தது 2023 ஜூலையில். ஜிசிசி 15 வந்தது 2025 ஏப்ரலில். இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்தாலே பாதி துப்பு கிடைத்துவிடும்: மூலநிரல் கம்பைலரைவிட மூத்தது.

கட்டுவதற்கு முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் கான்ஃபிகர் நிரல் கடைசியாகச் சொன்ன வரி, 'வேலை செய்யும் கம்பைலர் எதையும் காணோம், விவரத்துக்கு கான்ஃபிக்.லாக் கோப்பைப் பார்க்க' என்ற பொருளில் இருந்தது. இந்த வரியை நம்பியவர்கள் கம்பைலரை நீக்கி மறுபடி நிறுவியிருக்கிறார்கள். அதே கம்பைலர் ஒரு நான்கு வரி சி நிரலைத் தடையின்றி மொழிபெயர்த்தது. அப்படியென்றால் 'காணோம்' என்பதற்கு 'நான் வைத்த தேர்வில் தேறவில்லை' என்றுதான் பொருள். திரையில் சில வரிகள் மேலே போனால் தேர்வின் பெயரே இருந்தது: நீண்ட முழு எண்களுக்கான நம்பகச் சோதனை, எண் 1.

கான்ஃபிக்.லாக் கோப்பைப் படிக்கும் விதம் பற்றிக் கொஞ்சம். அது ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். பலர் கோப்பின் அடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியவில்லை என்று மூடிவிடுகிறார்கள். அடியில் இருப்பவை கான்ஃபிகர் சேர்த்து வைத்த மாறிகளின் பட்டியல் மட்டுமே. பிழை அந்தப் பட்டியலுக்கு மேலே இருக்கிறது. 'தோற்ற நிரல் இதுதான்' என்ற பொருள்படும் வரியைப் பின்னோக்கித் தேட வேண்டும். அதன் கீழே கான்ஃபிகர் எழுதிப் பார்த்த சிறு நிரல் முழுதாக இருக்கும், மேலே கம்பைலர் அதைப் பார்த்துச் சொன்ன சொல் இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கான்ஃபிகர் வைக்கும் சோதனைகளில் பல, தோற்பதற்கென்றே வைக்கப்பட்டவை. இந்த வசதி இந்த யூனிக்ஸில் உண்டா என்று கேட்டு, இல்லை என்ற விடையை வாங்கிக்கொண்டு போவது அவற்றின் வேலை. எனவே 'பிழை' என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் நின்றால் பொழுதுதான் போகும். எந்தச் சோதனை தோற்றதும் கான்ஃபிகர் நின்றுபோனதோ, அதுதான் வேண்டும்.

இங்கே தோற்ற நிரலில் ஜி என்ற ஓரெழுத்துப் பெயரில் ஒரு செயற்கூறு இருந்தது. உடலும் வெறுமை, அடைப்புக்குறியும் வெறுமை. சில வரிகள் கழித்து அதே ஜி ஆறு அளவுருக்களுடன் அழைக்கப்படுகிறது. கம்பைலர் சொன்னது: ஜி-க்கு அளவுருக்கள் அதிகம், எதிர்பார்த்தது 0, வந்தது 6.

சி மொழியின் பழைய வழக்கப்படி வெற்று அடைப்புக்குறி என்றால் அளவுருக்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். ஆறு கொடுத்தாலும் அறுபது கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. 1989 தர நிர்ணயத்திலேயே இது வழக்கொழியப்போவது என்று குறிக்கப்பட்டு, அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்தது. சி23 தரம் அதை முடித்துவைத்தது: வெற்று அடைப்புக்குறி என்றால் இனி அளவுருவே கிடையாது. ஜிசிசி 15 இந்தப் புதிய தரத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. சோதனை நிரலோ பழைய வழக்கத்தில் எழுதப்பட்டது. கம்பைலர் 64 பிட் கணக்கை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க வைத்த சோதனை, கணக்குக்கே போகாமல் இலக்கணப் பிழையில் நின்றுவிட்டது.

தீர்வு ஒரு கொடி: பழைய தரத்தில் படி என்று கம்பைலரிடம் சொல்லும் '-எஸ்டிடி=ஜிஎன்யு17'. அதை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலோர் கம்பைலர் கொடிகளுக்கான சிஃபிளாக்ஸ் மாறியில் வைப்பார்கள். ஜிஎம்பி தன் கம்பைலர் கொடிகளைத் தானே தேர்ந்தெடுக்கும் வழக்கம் உடையது. வேக மேம்பாட்டுக் கொடியும் பிராசசருக்கு ஏற்ற கொடிகளும் அதில் அடக்கம். பயனர் சிஃபிளாக்ஸ் கொடுத்துவிட்டால் 'சரி, உன் இஷ்டம்' என்று தன் தேர்வைக் கைவிட்டுவிடும். நூலகம் கட்டி முடியும், சோதனைகளும் தேறும், ஆனால் சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகள் வேக மேம்பாடு இல்லாமல் போய்விடும். எனவே கொடியைக் கம்பைலரின் பெயரோடு ஒட்டி, சிசி மாறியில் வைத்தோம். ஜிஎம்பியின் சொந்தக் கொடிகள் அப்படியே இருந்தன.

கான்ஃபிகர் நிரலைத் திறந்து அந்தச் சோதனையை வெட்டி எறிவதும், வெற்று அடைப்புக்குறியை நிரப்பித் திருத்துவதும் இதே சிக்கலைத் தீர்க்கும். திருத்துவது நியாயமான வழி. வெட்டுவது எனக்குப் பிடிக்காத வழி. கம்பைலர்கள் தவறாக மொழிபெயர்ப்பதால் ஜிஎம்பி அடிபடுவது அடிக்கடி நடப்பது. அதை உருவாக்குபவர்களே, கட்டும்போது வரும் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் கம்பைலர்தான் என்று எச்சரித்து, 'மேக் செக்' என்ற சோதனைக் கட்டளையை ஓட்டாமல் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் காவலாளியை வீட்டுக்கு அனுப்புவானேன்?

மூலநிரல் பழையது, கம்பைலர் புதியது என்றால் இதே வகைச் சிக்கல் வேறு முகங்களிலும் வரும். ஜிசிசி 10 வந்தபோது, ஒரே உலகளாவிய மாறியைப் பல கோப்புகளில் அறிவித்திருந்த நிரல்கள் லிங்கரிடம் மாட்டின. அதே பதிப்பில் ஃபோர்ட்ரான் கம்பைலரும் அளவுரு வகைப் பொருத்தமின்மையைப் பிழையாக்கியது. பழைய ஃபோர்ட்ரான் நூலகங்கள் பல அந்தக் கொண்டியில்தான் சிக்குகின்றன, அதைத் தளர்த்தவும் ஒரு கொடி உண்டு. 2024ல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காமல் அழைக்கப்படும் செயற்கூற்றை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. இது கான்ஃபிகர் சோதனைகளையே ஏமாற்றக்கூடியது: இருக்கும் வசதியை இல்லை என்று எழுதிவைத்துவிட்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கடந்து போய்விடும்.

கம்பைலரைக் கொன்றது எது?

இரண்டாவது புகார் விசித்திரமானது. புதிய கணினியில் எல்லாம் சரி. பழைய கணினிகளில் ஜிசிசியை அழைத்தால், 'உள்ளகப் பிழை, சட்டவிரோத ஆணை சமிக்ஞையால் சிசி1 நிரல் நின்றது' என்று வருகிறது. எல்லாக் கோப்புகளுக்கும் இல்லை. மிகச் சிறிய நிரல்கள் தேறுகின்றன, சுழற்சிகள் உள்ள நிரல்களை வேக மேம்பாட்டுடன் மொழிபெயர்க்கும்போது விழுகிறது. கூடவே அந்தக் கணினிகளில் ஓடிய கணக்குகளின் பதிவுகளில் வெளியேற்ற எண் 132 என்று இருந்தது. ஷெல் 128ஐக் கூட்டித்தான் சொல்லும். மிச்சம் 4, அதுவே சட்டவிரோத ஆணைக்கான சமிக்ஞை எண். மூன்றாவது புகாரின் பதிவுகளில் இருந்த 139க்கும் இதே கணக்கு: மிச்சம் 11, செக்மென்டேஷன் ஃபால்ட். பழைய கணினியில் 132, எங்கும் 139 என்ற இந்த ஒரு வேறுபாடே இவை இரண்டு தனி நோய்கள் என்று சொல்லிவிட்டது.

சிசி1 என்பது ஜிசிசியின் உள்ளே இருக்கும் உண்மையான சி கம்பைலர். அது எந்தெந்த நூலகங்களை நம்பியிருக்கிறது என்று எல்டிடி கட்டளையால் பார்த்தோம். பட்டியலில் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், கலப்பெண்களுக்கான எம்பிசி மூன்றும் இருந்தன. இது பலருக்குத் தெரியாத சங்கதி: ஜிசிசியே இந்தக் கணித நூலகங்களின் பயனர். மாறிலிகளை மொழிபெயர்ப்பு நேரத்திலேயே கணித்து முடிக்கவும், ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடும் என்று கணக்கிடவும் அதற்கு இவை தேவை. பட்டியலில் ஜிஎம்பியின் எதிரே இருந்த பாதை, இயங்குதளத்தின் கோப்புறையைக் காட்டவில்லை. பயனர் சற்றுமுன் கட்டிய ஜிஎம்பியைக் காட்டியது.

ஏன் அங்கே போனது? ஷெல் தொடக்கக் கோப்பில், லோடர் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறி அந்தக் கோப்புறைக்குத் திருப்பப்பட்டிருந்தது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஜிஎம்பிக்கு அடுத்து எம்பிஎஃப்ஆர் கட்டியபோது அதன் கான்ஃபிகர் ஓர் எச்சரிக்கை கொடுத்தது: தலைப்புக் கோப்பின் பதிப்பும் நூலகத்தின் பதிப்பும் ஒன்றா என்ற சோதனைக்கு 6.3.0/6.2.1, இல்லை. நூலகச் சங்கிலியில் இப்படி ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் மென்பொருள்கள் அபூர்வம். எம்பிஎஃப்ஆர் காரர்கள் இந்த வகையில் பட்டுத் தெளிந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த எச்சரிக்கையின் பொருள் தெளிவானது. கம்பைலர் பயனரின் கோப்புறையில் தலைப்புக் கோப்பை எடுத்தது. லிங்கரும் அங்கேயே நூலகத்தை எடுத்தது. ஓட்டும்போது லோடருக்கு அந்தக் கோப்புறை பற்றித் தெரியாததால், இயங்குதளத்தின் பழைய 6.2.1ஐ எடுத்தது. லிங்கருக்கு ஓர் இடத்தைக் காட்டினால் லோடருக்கும் காட்டியதாகாது. இதை மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டு பதிப்புகளுமே லோடருக்குத் தெரியும் பெயர் ஒன்றேதான், எண் 10 என்று முடியும் பெயர். எனவே லோடருக்கும் சந்தேகம் வரவில்லை.

எச்சரிக்கையைப் போக்க எல்டி_லைப்ரரி_பாத் வைத்தார்கள், எச்சரிக்கை போனது. ஆனால் அந்த மாறி ஒரு நிரலுக்கு மட்டும் வைப்பது அன்று. அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நிரலுக்கும், கம்பைலர் உட்பட, அது பொருந்தும்.

மிச்சம் இருந்தது, ஏன் பழைய கணினிகளில் மட்டும் என்ற கேள்வி. ஜிஎம்பி கட்டப்படும்போது அது ஓடும் பிராசசரை அடையாளம் கண்டு, அதற்கென்றே எழுதப்பட்ட அசெம்பிளியைத் தேர்ந்தெடுக்கும். புதிய கணினியில் கட்டினால் மல்எக்ஸ் போன்ற ஆணைகள் உள்ளே வரும். பெருக்கலை விரைவாக்கும் இந்த ஆணை இன்டெல் பிராசசர்களின் ஹாஸ்வெல் தலைமுறையில், 2013ல் வந்தது. அதற்கு முந்தைய பிராசசருக்கு அது அர்த்தமில்லாத பைட்டுகள். நிரல் ஓட்டத்தை உள்ளே பார்க்க உதவும் டீபக்கரில், நிரல் நின்ற இடத்தின் ஆணையைக் கேட்டோம், மல்எக்ஸ் என்றது. பழைய கணினியின் பிராசசர் விவரக் கோப்பில், மல்எக்ஸ் உண்டு என்பதைக் குறிக்கும் பிஎம்ஐ2 என்ற கொடியைத் தேடினோம், இல்லை. சின்ன நிரல்களை மொழிபெயர்க்கும்போது சிசி1 பெரிய எண் கணக்குக்குள் போகவே தேவை இருந்திராது, அதனால் தப்பித்திருக்கிறது.

சரி செய்தது இரண்டு இடத்தில். ஜிஎம்பியை '--எனேபிள்-ஃபேட்' என்ற தேர்வுடன் மறுபடி கட்டினோம். இதில் பல பிராசசர்களுக்கான அசெம்பிளியும் ஒரே நூலகத்துக்குள் போகும். ஓடும்போது பிராசசரைக் கேட்டுத் தகுந்ததை எடுத்துக்கொள்ளும். சிறு எண்களில் இந்த விசாரணைக்கு ஒரு சிறு விலை உண்டு. ஆயிரக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்களில் அந்த விலை தெரியாது. கணினிக்கு ஒரு நூலகம் என்று தனித்தனியே கட்டிப் பராமரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, எல்டி_லைப்ரரி_பாத் வரியைத் தொடக்கக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, லோடருக்கான பாதையை நூலகங்களுக்குள்ளேயே எழுதினோம். லிங்கர் கொடிகளில் ஆர்பாத் கொடுப்பதுதான் வழி. இங்கே ஒரு பொறி உண்டு. இன்றைய லினக்ஸ் வினியோகங்கள் பலவற்றில் ஆர்பாத் என்று கொடுத்தாலும் கோப்பில் எழுதப்படுவது ரன்பாத். அது அந்தக் கோப்பு நேரடியாகக் கேட்கும் நூலகங்களுக்கு மட்டுமே பயன்படும். நிரல் எம்பிஎஃப்ஆரைக் கேட்கிறது, எம்பிஎஃப்ஆர் ஜிஎம்பியைக் கேட்கிறது என்றால், நிரலில் உள்ள ரன்பாத் ஜிஎம்பியைத் தேட உதவாது. எம்பிஎஃப்ஆருக்குள்ளும் ஒன்று வேண்டும். எனவே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அதே கொடியுடன் கட்டினோம். ரீட்எல்ஃப் கட்டளை ஒவ்வொரு கோப்பிலும் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும். லோடர் உண்மையில் எங்கெங்கே தேடியது என்று பார்க்க எல்டி_டீபக் மாறியை 'லிப்ஸ்' என்று வைத்து ஓட்டினால் போதும், ஒவ்வொரு தேடலையும் ஒப்பிக்கும்.

பாரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதன் கான்ஃபிகர் பெரிய எழுத்தில் தொடங்கும், மற்றவற்றின் வழக்கத்துக்குக் கட்டுப்படாதது. ஜிஎம்பி கிடைக்காவிட்டால் தன் சொந்த எண்கணிதத்தோடு கட்டிக்கொண்டு போய்விடும். பாரியின் கட்டளை நிரலான ஜிபியைத் திறந்ததும் வரும் முகப்பு வரியில் ஜிஎம்பியின் பெயர் இருக்கிறதா, தட்டச்சிடும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் நூலகம் இயக்கப்பட்டதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ரீட்லைன் இல்லை என்றால் பெரும்பாலும் அதன் தலைப்புக் கோப்புகள் அடங்கிய மேம்பாட்டுத் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று பொருள். இங்கேயும் அதுதான்.

ஒரே பெயர், இரண்டு வழக்கங்கள்

மூன்றாவது புகார்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது எப்போதும் விழவில்லை. விழாத நேரங்களில் தவறான விடை தந்தது.

ஐகன் மதிப்பு நிரல் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது, ஜிசிசியின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் கொண்டு கட்டப்பட்டது. அடிப்படை வெக்டர் கணக்குகளுக்கு அது பிளாஸ் நூலகத்தை அழைக்கிறது. பிளாஸ் என்பது 1979லிருந்து இருக்கும் ஓர் ஒப்பந்தம்: பெயர்களும் அளவுருக்களும் நிலையானவை, உள்ளே யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இங்கே இணைக்கப்பட்டிருந்தது வேறொரு கம்பைலருக்கென முன்பே கட்டிவைத்த ஒரு பிளாஸ். லிங்கர் குறை சொல்லவில்லை. மெய்யெண் அணிகளுக்கு விடைகள் சரி. கலப்பெண் அணிகளில்தான் கோளாறு.

டீபக்கர், நிரல் விழுந்த இடம் இசட்டாட்சி என்றது. இரண்டு கலப்பெண் வெக்டர்களின் உட்பெருக்கம் கணிக்கும் செயற்கூறு அது. பிளாஸில் பெரும்பாலானவை துணைநிரல்கள், அவை எதையும் திருப்பித் தருவதில்லை. இது விடையைத் திருப்பித் தருகிறது, அதுவும் ஒரு கலப்பெண்ணை. அங்கேதான் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஜிஃபோர்ட்ரான் வழக்கத்தில் விடையின் இரு பகுதிகளும் பிராசசரின் இரண்டு மிதப்புப் பதிவகங்களில் (ரெஜிஸ்டர்) வரும். ஃபோர்ட்ரானை சி மொழிக்கு மாற்றும் எஃப்2சி என்ற பழைய மொழிபெயர்ப்பியின் வழியில் வந்த வழக்கத்தில், விடையை எங்கே எழுத வேண்டும் என்ற முகவரியை அழைப்பவரே முதல் அளவுருவாக, மறைவாக, அனுப்ப வேண்டும். 2005ல் ஜிசிசி 4.0 வரும்வரை இருந்த ஜி77 கம்பைலரும் இந்த இரண்டாவது வழக்கத்தையே பின்பற்றியது. செயற்கூற்றின் பெயர் இரண்டிலும் ஒன்றே. லிங்கர் பார்ப்பது பெயரை மட்டும்.

இப்போது அழைப்பவர் முதல் வழக்கம், அழைக்கப்பட்டவர் இரண்டாவது வழக்கம் என்றால் என்ன ஆகும்? அழைப்பவர் ஐந்து முகவரிகளை அனுப்புகிறார்: நீளம், முதல் வெக்டர், அதன் தாவல் (அடுத்த உறுப்பு எத்தனை இடம் தள்ளி இருக்கிறது என்பது), இரண்டாம் வெக்டர், அதன் தாவல். அழைக்கப்பட்டவர் ஆறை எதிர்பார்க்கிறார், முதலாவதை விடை எழுதும் இடம் என்று எடுத்துக்கொள்கிறார். எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகிறது. நீளம் இருந்த நினைவிடம் விடைக்கான இடமாகிறது. முதல் வெக்டரின் முதல் எட்டு பைட்டில் பாதி, நீளம் என்று படிக்கப்படுகிறது. ஆறாவது பதிவகத்தில் முன்பு எது கிடந்ததோ அதுவே கடைசித் தாவலின் முகவரி.

இதைச் சோதிக்கப் பத்து வரியில் ஒரு ஃபோர்ட்ரான் நிரல் போதும். நீளம் 3, எல்லா உறுப்புகளும் 1.0 என்ற வெக்டர்கள், விடை 3 வர வேண்டும். ஓட்டினால் விழவில்லை. விடையாக மூன்று வரவில்லை. அழைத்த பிறகு நீளத்தை அச்சிட்டால் அது 0 ஆகியிருந்தது. 1.0 என்ற எண்ணை இரட்டைத் துல்லியத்தில் எழுதினால் அதன் கீழ் 32 பிட்டுகள் அனைத்தும் பூஜ்யம். எனவே அழைக்கப்பட்டவர் படித்த நீளம் 0. 'கணிக்க ஒன்றுமில்லை' என்று பூஜ்யக் கலப்பெண்ணை, பதினாறு பைட்டுகளை, நீளம் இருந்த இடத்தில் எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறார். நான்கு பைட் நீளமும் போனது, அதன் பக்கத்தில் இருந்த பன்னிரண்டு பைட்டுகளும் போயின.

உறுப்புகளை 0.1 ஆக மாற்றினோம். அதன் கீழ் 32 பிட்டுகளை முழு எண்ணாகப் படித்தால் -1717986918. எதிர்ம நீளம், மறுபடியும் சத்தமில்லாமல் திரும்பல். 0.3 ஆக மாற்றினோம். இப்போது நீளம் 85,89,93,459. மூன்று உறுப்பு வெக்டரில் எண்பத்தைந்து கோடியைத் தேடிப்போன நிரல் நினைவகத்தின் எல்லையைத் தாண்டி 139 என்று விழுந்தது. சில அணிகளுக்கு ஓடுகிறது, சிலவற்றுக்கு விழுகிறது என்ற புகாரின் முழு விளக்கம் இதுதான். அழகான எண்களைக் கொண்டு சோதித்தவர்களுக்கு நிரல் விழவே இல்லை என்பதையும் கவனியுங்கள். முழு எண் உறுப்புகளை வைத்து 'ஓடுகிறதா' என்று மட்டும் பார்க்கும் சோதனை, இந்த வகைக் கோளாற்றை மூடி மறைக்கத்தான் உதவும்.

தீர்க்க மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, ஜிஃபோர்ட்ரானுக்கே எஃப்2சி வழக்கத்தைப் பின்பற்றச் சொல்லும் கொடி. அது ஒற்றைத் துல்லிய மெய்யெண்ணைத் திருப்பித் தரும் விதத்தையும் சேர்த்தே மாற்றும். அந்தக் கொடியோடு கட்டியதையும் அது இல்லாமல் கட்டியதையும் கலக்கக் கூடாது என்று கம்பைலரின் கையேடே சொல்கிறது. சங்கிலியில் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும், நாளை புதிதாக ஒன்றைச் சேர்ப்பவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது, நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் செயற்கூறு எழுதுவது. மூன்றாவது, அதே ஜிஃபோர்ட்ரானால் கட்டப்பட்ட பிளாஸைப் பயன்படுத்துவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஓப்பன்பிளாஸை மூலநிரலிலிருந்து, பிராசசரை ஓடும்போது அறிந்துகொள்ளும் 'டைனமிக்_ஆர்ச்' தேர்வுடன் கட்டினோம். ஜிஎம்பியில் பட்ட அதே சட்டவிரோத ஆணைச் சிக்கல் இங்கேயும் காத்திருந்தது, எனவே முன்கூட்டியே அந்தத் தேர்வு. வேறு கம்பைலருக்கென முன்தொகுத்த நூலகங்கள் சில, இரண்டு வழக்கங்களுக்கும் தனித்தனி இடைமுகக் கோப்புகளோடு வரும். அப்படி வந்தால் சரியானதை இணைத்தாலே போதும், மாற்றத் தேவையில்லை.

கூடவே எல்டிடி காட்டிய இன்னொன்றையும் களைந்தோம். ஒரே நிரலுக்குள், ஜிஃபோர்ட்ரான் நிரல்கள் ஓடும்போது தேவைப்படும் லிப்ஜிஃபோர்ட்ரான் நூலகத்தின் இரண்டு பதிப்புகள், 3ம் 5ம், ஏற்றப்பட்டிருந்தன. ஜிசிசி 8 முதல் 5ம் எண், ஜிசிசி 7ல் 4, அதற்கு முன் 3. பழைய பிளாஸ் பழையதை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. அது போனதும் இதுவும் போனது.

ஒப்படைப்பதற்கு முன்

ஜிஎம்பிக்கும் எம்பிஎஃப்ஆருக்கும் 'மேக் செக்', பாரிக்கு 'மேக் பெஞ்ச்', ஓப்பன்பிளாஸுக்கு அதன் சொந்தச் சோதனைகள் ஓடின. கட்டிய கணினியில் மட்டும் ஓட்டாமல், இருப்பதிலேயே மிகப் பழைய கணினியிலும் ஓட்டினோம். பாரியில் 2இன் 128ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டிக் காரணிப்படுத்தச் சொன்னோம். 59649589127497217, 5704689200685129054721 என்று வந்தது. ஏழாவது ஃபெர்மா எண்ணான இதை 1970ல் மாரிசனும் பிரில்ஹார்ட்டும்தான் முதலில் உடைத்தார்கள். விடை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சோதனைக்கு வசதி. இசட்டாட்சிக்கு 0.3 உறுப்புகள் கொண்ட அந்தப் பத்து வரி நிரலையும் நிறுவல் கோப்புறையிலேயே வைத்தோம். நிறுவலுக்குக் கொடுத்த கட்டளைகள், கொடிகள், ஒவ்வொரு கான்ஃபிக்.லாக் கோப்பு ஆகியவையும் அங்கேயே இருக்கின்றன. அந்தப் பதிவுகளை அழித்துவிட்டு நூலகத்தை மட்டும் வைத்திருப்பவரிடமிருந்துதான் அடுத்த முறை 'கம்பைலர் பழுது' என்ற கடிதம் வரும்.

ஒன்றை வேண்டுமென்றே தள்ளிவைத்தோம். பயனர்களில் ஒருவருக்கு 46341க்கு மேற்பட்ட வரிசைகள் கொண்ட சதுர அணி தேவை. அந்த அளவில் உறுப்புகளின் மொத்த எண்ணிக்கை 32 பிட் முழு எண்ணில் அடங்காது, பிளாஸின் மேல் எழுதப்பட்ட லாபேக் என்ற அணிக் கணக்கு நூலகத்தில், வேலையிடத்தின் அளவைக் கணக்கிடும் துணைநிரல்கள் சில எதிர்ம எண்ணைப் பெறக்கூடும். அதற்கு 64 பிட் முழு எண் இடைமுகம் கொண்ட தனி ஓப்பன்பிளாஸ் வேண்டும். அதையும் இதே கோப்புறையில் அதே பெயரில் வைத்தால், 32 பிட் எண்ணை அனுப்பும் நிரலும் 64 பிட்டைப் படிக்கும் நூலகமும் சந்தித்துக்கொள்ளும். பக்கத்து நான்கு பைட்டுகள் பூஜ்யமாக இருக்கும் நாட்களில் விடை சரியாகவும் வரும். எனவே அது வேறு கோப்புறையில், செயற்கூறுகளின் பெயர்களில் 64 என்ற ஒட்டுடன் கட்டப்படவிருக்கிறது. பெயர் மாறிவிட்டால் தவறான ஜோடியை லிங்கரே பிடித்துக் கொடுத்துவிடும்.